கொழும்பிலிருந்து உலகைச் சுற்றும் முதல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு தம்பி சூரிச்சில், ஒரு அக்கா ரொறன்ரோவில், மச்சாள் குடும்பம் சிட்னியில் என்று கதை வரும். இவர்களை எல்லாம் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டு வர ஒரு டிக்கெட் இருக்கிறது என்று சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை. இருக்கிறது. இலங்கைப் பாஸ்போர்ட்டில், கொழும்பிலிருந்து புறப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள்தான் கீழே இருப்பவை.

உலகைச் சுற்றும் டிக்கெட் என்றால் சரியாக என்ன?

பல எயார்லைன்கள் சேர்ந்த ஒரு கூட்டணி விற்கும் ஒரே டிக்கெட். கொழும்பில் ஏறி, கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் போய், பசிபிக்கை ஒரு முறை, அட்லாண்டிக்கை ஒரு முறை தாண்டித் திரும்பக் கொழும்பில் இறங்க வேண்டும். உச்ச வரம்பு 16 பறப்புகள். குறைந்தது 10 நாள், கூடியது ஒரு வருஷம். ஒரு இடத்தில் 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் அது தங்கல், அதற்குள் அடுத்த விமானம் ஏறினால் வெறும் மாற்றம்.

விலை போடும் முறை கூட்டணிக்குக் கூட்டணி வேறு. ஒன்வேர்ல்டின் எக்ஸ்புளோரர் டிக்கெட்டில் எத்தனை கண்டம் தொடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு, 3 முதல் 6 வரை. புறப்படும் ஆசியாவும் அதில் ஒன்று. ஸ்டார் அலையன்ஸில் மொத்த மைல் கணக்கு: 29,000, 34,000, 39,000 என்று படிகள். எந்த நாட்டில் பயணம் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தும் விலை மாறும் என்பதால், வெளிநாட்டுக்காரர் ஒருவர் இணையத்தில் சொல்லும் விலையை வைத்து உங்கள் பட்ஜெட்டைப் போடாதீர்கள்.

தனித்தனி ரிட்டர்ன் டிக்கெட் எடுப்பதைவிட இது லாபமா?

நீங்கள் போகும் இடங்களைப் பொறுத்தது. லண்டனும் ரொறன்ரோவும் மட்டும் என்றால் வேண்டாம், பசிபிக்கைத் தாண்டும் செலவு வீண். பல ஊர் இணைத்த ஒரு சாதாரண டிக்கெட் போதும். அவுஸ்திரேலியா, கனடா, ஐரோப்பா மூன்றிலும் ஆட்கள் இருந்தால்தான் சுற்று டிக்கெட் உண்மையில் வேலை செய்யத் தொடங்குகிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கொழும்புக்குத் திரும்பி வந்து மறுபடி புறப்படும் நீண்ட பறப்புகள் எல்லாம் மிச்சமாகின்றன. எகனமியில் வித்தியாசம் சிலவேளை சின்னதாகத்தான் இருக்கும், தனித்தனி ஒருவழி டிக்கெட்டுகள் மலிவாகவே விழலாம், ஆகவே இரண்டையும் ஒரே நாளில் விலை பார்த்துத் தாளில் எழுதி வைத்துப் பாருங்கள். பிஸினஸ் வகுப்பில் சுற்று டிக்கெட்டின் பெறுமதி நன்றாகவே தெரியும்.

ஒன்வேர்ல்டா, ஸ்டார் அலையன்ஸா?

உங்கள் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள், அதிலேயே பாதிப் பதில் வந்துவிடும்.

ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் ஒன்வேர்ல்டில் சேர்ந்தது. அதே கூட்டணியில் கட்டார், கதே பசிபிக், மலேசியன், ஜப்பான் எயார்லைன்ஸ், குவாண்டாஸ், பிரிட்டிஷ் எயார்வேஸ், அமெரிக்கன் எல்லாம் உண்டு. கொழும்பிலிருந்து மெல்பேர்ன், சிட்னி, டோக்கியோ, லண்டனுக்கு ஸ்ரீலங்கனிலேயே நேரே போகலாம் என்பது பெரிய வசதி. பலவீனம் கனடா. ரொறன்ரோ, வன்கூவர் வரை போகலாம், ஆனால் அந்த இரண்டுக்கும் இடையில் பறக்க ஒன்வேர்ல்டில் ஆள் இல்லை. 2020இல் லட்டாம் என்ற தென் அமெரிக்க எயார்லைன் விலகிய பிறகு தென் அமெரிக்காவும் ஒல்லியாகிவிட்டது.

ஸ்டாரில் கொழும்புக்கு வருபவை சிங்கப்பூர் எயார்லைன்ஸ், தாய் எயார்வேஸ், எயார் இந்தியா, டேர்கிஷ். அப்புறம் எயார் கனடா, சுவிஸ், லுப்தான்சா, ஜப்பானின் ஏ.என்.ஏ. ரொறன்ரோ, மொன்றியல், சூரிச், ஜேர்மனி என்று நம் ஆட்கள் அதிகம் இருக்கும் இடங்களை இது நன்றாகவே மூடுகிறது. அதனால் கனடாவும் சுவிஸும் உள்ள குடும்பத்துக்கு ஸ்டார், அவுஸ்திரேலியாவும் லண்டனும் முக்கியமென்றால் ஒன்வேர்ல்ட் என்பதுதான் என் பரிந்துரை.

எமிரேட்ஸை விரும்புகிறவர்களுக்கு: அது எந்தக் கூட்டணியிலும் இல்லை, இந்த டிக்கெட்டுகளில் வராது.

ஒரு உதாரண வழி காட்ட முடியுமா?

ஸ்டாரில்: கொழும்பு, சிங்கப்பூர், டோக்கியோ, வன்கூவர், ரொறன்ரோ, லண்டன், சூரிச், இஸ்தான்புல், கொழும்பு. எட்டுப் பறப்பு, கிட்டத்தட்ட 21,000 மைல். கீழ்ப்படியே 29,000 மைல் என்பதால் கிட்டத்தட்ட 8,000 மைல் சும்மா கிடக்கிறது. இந்த இடத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து நேரே டோக்கியோ போகாமல் சிட்னி போய், அங்கிருந்து டோக்கியோ போனால் கூடுவது ஏறக்குறைய 5,500 மைல்தான். மொத்தம் 26,000 மைலைக் கொஞ்சம் தாண்டும், இன்னும் அதே படிக்குள். அதாவது அடிக் கட்டணம் ஏறாமல் அவுஸ்திரேலியாவும் உள்ளே வந்துவிடுகிறது, வரி மட்டும் கொஞ்சம் கூடும்.

ஒன்வேர்ல்டில் கணக்கு வேறு மாதிரி: கொழும்பு, டோக்கியோ, லொஸ் ஏஞ்சலிஸ், நியூயோர்க், லண்டன், டோஹா, கொழும்பு என்றால் மூன்று கண்டம், ஏனென்றால் மத்திய கிழக்கை ஐரோப்பாவோடு ஒன்றாகவே எண்ணுகிறார்கள். சிட்னியைச் சேர்த்தால் நான்கு கண்டம், விலை ஒரு படி ஏறும். ஒரு கண்டத்துக்குள் நான்கு பறப்பு வரை, வட அமெரிக்காவில் மட்டும் ஆறு. லண்டனில் இறங்கி ரயிலில் பாரிஸ் போய் அங்கிருந்து பறக்கலாம், ஆனால் அந்த ரயில் துண்டும் 16இல் ஒன்றாக எண்ணப்படும்; ஸ்டாரில் அதன் தூரமும் மைலில் சேரும்.

விசாவை எந்த ஒழுங்கில் எடுப்பது?

முழுத் திட்டத்திலும் கடினமான பகுதி இதுதான். வெளிநாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டிகள் எதிலும் இது சரியாக இராது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் வரைபடத்தைப் பார்த்து வழி போடுகிறார்கள். நாங்கள் விசாவின் ஆயுளைப் பார்த்து வழி போட வேண்டும்.

சாதாரண ஜப்பான் விசா ஒரு முறை நுழைவதற்கானது, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது. பிரித்தானியாவுக்கு மூன்று மாதம். இவற்றைப் பொதுவாக வசிக்கும் நாட்டிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதால், ஒரு வருஷம் ஆறுதலாகச் சுற்றலாம் என்ற கனவு எங்களுக்குச் சரிவராது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முடியும் சுற்று என்றால் எல்லா விசாவும் ஒன்றாக உயிரோடு இருக்கும். விசாவில் எழுதியிருக்கும் கடைசித் திகதிக்கும் அந்த நாட்டை விட்டு வெளியேறும் திகதிக்கும் இடையே சில நாள் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

அடுத்தது, பாஸ்போர்ட் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு தூதரகத்தில் அது கிடக்கும்போது இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. அதனால் நான் சொல்லும் ஒழுங்கு: அமெரிக்கா அல்லது கனடா முதலில், காரணம் அவற்றுக்குக் காத்திருப்பும் கூட, கிடைத்தால் நீண்ட காலத்துக்குக் கிடைப்பதும் உண்டு. அது நடக்கும்போதே அவுஸ்திரேலிய விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அதற்குப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கத் தேவையில்லை. பிறகு பிரித்தானியா, ஷெங்கன். ஜப்பான் கடைசியில். சுவிஸும் நோர்வேயும் ஷெங்கனுக்குள், பிரித்தானியா வெளியே. ஷெங்கனில் எந்த நாட்டில் அதிக நாள் நிற்கிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூருக்கு எங்களுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை.

விசா வருமுன் டிக்கெட்டுக்குக் காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். விண்ணப்பத்துக்குப் பயண ஒதுக்கீடு காட்டினால் போதும், ஏஜென்சி ஒன்று அதைப் பிடித்துத் தரும். முக்கியமான விசாக்கள் கைக்கு வந்த பிறகு காசைக் கட்டுங்கள்.

அமெரிக்க விசா கிடைக்காவிட்டால் சுற்றவே முடியாதா?

முடியும், கனடா விசா இருந்தால். டோக்கியோவிலிருந்து வன்கூவர் அல்லது ரொறன்ரோ, அங்கிருந்து நேரே லண்டன். ஒன்வேர்ல்டில் என்றால் ஹொங்கொங்கிலிருந்து கதே பசிபிக்கில் ரொறன்ரோ, பிறகு பிரிட்டிஷ் எயார்வேஸில் லண்டன். அமெரிக்க மண்ணைத் தொடவே தேவையில்லை.

விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் விசா வேண்டுமா?

அமெரிக்காவில் கட்டாயம் வேண்டும். அங்கே எயார்போர்ட்டுக்குள்ளேயே மாறிப் போகும் ஏற்பாடு கிடையாது, லொஸ் ஏஞ்சலிஸில் இரண்டு மணித்தியாலம் நின்றாலும் குடிவரவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஷெங்கன் நாடுகளில் விமானம் மாற, எயார்போர்ட் மாற்ற விசா கட்டாயமான நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய அல்லது ஜப்பான் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் விலக்கு உண்டு. பிராங்பேர்ட்டில் மாறுகிறேன், வெளியே போகவில்லையே என்று நினைத்துக்கொண்டு கட்டுநாயக்க வரை போனால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கிழக்குப் பக்கமா, மேற்குப் பக்கமா?

உடம்புக்கு மேற்கு நல்லது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீள்வதால் நித்திரை கெடுவது குறைவு. விசாவுக்குக் கிழக்கு நல்லது, ஜப்பான் முதலில் வந்துவிடுவதால் மூன்று மாதக் கெடு பிரச்சினையில்லை. எனக்கு விசாதான் முக்கியம், அதனால் கிழக்கு. கிழக்கே போனால் டோக்கியோவில் மாலை ஏறி அதே திகதியில் காலையில் வட அமெரிக்காவில் இறங்குவீர்கள், ஹோட்டல் பதிவு செய்யும்போது திகதியை இரண்டு முறை பாருங்கள். மேற்கே போனால் பசிபிக்கில் ஒரு திகதி காணாமல் போகும்.

எங்கே வாங்குவது? மேலதிகச் செலவு என்ன?

இரண்டு கூட்டணிகளின் இணையத்தளத்திலும் வழியை வரைந்து விலை பார்க்கும் வசதி இருக்கிறது. வரைந்து பாருங்கள், விதி மீறினால் அங்கேயே சொல்லிவிடும். ஆனால் முதல் முறை வாங்குகிறவர்கள், இந்த டிக்கெட்டை முன்பே போட்டுப் பழகிய ஏஜென்சி ஒன்றையோ எயார்லைன் அலுவலகத்தையோ பிடிப்பது நல்லது. எல்லா ஏஜென்சிக்கும் இது பழக்கமில்லை, நேரடியாகவே கேளுங்கள்.

அடிக் கட்டணத்துக்கு மேல் எயார்போர்ட் வரி, எரிபொருள் கட்டணம் எல்லாம் வரும், சின்னத் தொகை இல்லை. லண்டனில் சில நாள் தங்கிவிட்டு அங்கிருந்து நீண்ட தூரம் பறந்தால் பிரித்தானியாவின் பயணி வரி விழும், பிஸினஸில் அது இன்னும் கூட. லண்டனிலிருந்து முதலில் சூரிச் போய், அங்கே தம்பி வீட்டில் சில நாள் நின்று, பிறகு நீண்ட பறப்பு எடுத்தால் லண்டனில் கிட்டிய தூரத்து வரிதான்.

நடுவில் திகதியை மாற்றலாமா? ஒரு விமானத்தைத் தவறவிட்டால்?

திகதி மாற்றம் சுலபம், அதே வகுப்பில் சீட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வழியை மாற்றினால் கட்டணம் கட்டி டிக்கெட்டைத் திரும்ப எழுத வேண்டும். டிசம்பரில் சீட் கிடைப்பது கஷ்டம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சொல்லாமல் ஒரு விமானத்தை விட்டுவிட்டால் மீதிப் பறப்புகள் எல்லாம் ரத்தாகிவிடும். ரொறன்ரோவில் அக்கா இன்னும் இரண்டு நாள் நில் என்று பிடித்து வைத்தால், விமானம் புறப்படுவதற்கு முன்பே போன் எடுத்து மாற்றிவிடுங்கள்.

மைலும் அந்தஸ்தும் ஒன்றா?

இல்லை, இதில்தான் பலர் குழம்புகிறார்கள். எயார்லைன் ஒன்றின் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்தால், ஒரு பறப்புக்கு இரண்டு கணக்கு ஓடும். ஒன்று, பிறகு டிக்கெட் வாங்கச் செலவழிக்கும் மைல். மற்றது, சில்வர், கோல்ட் என்று ஏறுவதற்கான அந்தஸ்துக் கணக்கு, அதைச் செலவழிக்க முடியாது, ஒரு வருஷத்துக்குள் இலக்கைத் தொடாவிட்டால் பூச்சியத்துக்குப் போய்விடும். கடனட்டையால் சேரும் மைல் பெரும்பாலும் முதல் கணக்கில் மட்டும்தான் விழும்.

எந்தத் திட்டத்தில் சேருவது?

ஒரு பறப்பை ஒரு திட்டத்தில் மட்டுமே போடலாம். ஆனால் பறக்கும் எயார்லைனின் திட்டத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, கூட்டணிக்குள் எதிலும் போடலாம். அதனால் முழுச் சுற்றையும் ஒரே கணக்கில் கொட்டுங்கள். நான்கு திட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் எதிலும் ஒன்றும் கிடைக்காது.

கொழும்பில் இருந்துகொண்டு சென்னை, திருச்சி, லண்டன் என்று ஸ்ரீலங்கனில் அடிக்கடி போகிறவருக்கு அதன் உறுப்பினர் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸ் இயல்பான தெரிவு. அதன் கிளாசிக், கோல்ட், பிளாட்டினம் மூன்றும் ஒன்வேர்ல்ட் கூட்டணி முழுவதும் செல்லும் ரூபி, சஃபயர், எமரல்ட் என்ற அந்தஸ்துகள் ஆகின்றன. சேருமுன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்தஸ்து, செலவழித்த காசை வைத்தா, பறந்த தூரத்தையும் வகுப்பையும் வைத்தா என்பது ஒன்று. பிரிட்டிஷ் எயார்வேஸ் 2025 ஏப்ரலில் இருந்து காசுக் கணக்குக்கு மாறிவிட்டது. சொந்த எயார்லைனில் இத்தனை முறை பறந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்பது மற்றது, குவாண்டாஸில் அப்படி உண்டு.

ஒரே சுற்றில் கோல்ட் கிடைத்துவிடுமா?

எகனமியில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்வேர்ல்ட் சுற்று டிக்கெட்டில் எகனமி எல் வகுப்பிலும் பிஸினஸ் டி வகுப்பிலும் எழுதப்படுகிறது (இவை டிக்கெட்டில் வரும் கட்டண எழுத்துகள்). எல் என்பது பல திட்டங்களில் பறந்த மைலில் ஒரு பகுதியை மட்டும் கொடுக்கும் வகுப்பு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர் எயார்லைன்ஸின் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் 12 மாதத்துக்குள் 25,000 அந்தஸ்து மைல் சேர்ந்தால் சில்வர், 50,000 சேர்ந்தால் கோல்ட். மேலே சொன்ன சிட்னி சேர்த்த வழி 26,000 மைல். முழு மைல் கிடைத்தால் சில்வர் வரும். பாதிதான் கிடைத்தால் 13,000, ஒன்றும் வராது. பிஸினஸில் 125 வீதம் கிடைத்தாலும் 32,500, கோல்டுக்கு இன்னும் பெரிய தூரம். எனவே, அந்தஸ்து வேண்டுமென்றால் சுற்றை அந்த வருஷத்தின் மற்றப் பயணங்களோடு சேர்த்துத் திட்டமிடுங்கள், முழுச் சுற்றும் ஒரே கணக்கு வருஷத்துக்குள் விழட்டும். அமெரிக்கன் எயார்லைன்ஸுக்கு அந்த வருஷம் மார்ச்சில் தொடங்கிப் பெப்ரவரியில் முடிகிறது. கோல்டுக்காகத் தேவையில்லாத ஊருக்கெல்லாம் பறப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், அந்தக் காசுக்கு சூரிச்சில் இன்னும் ஒரு வாரம் நிற்கலாம்.

கோல்ட் இருந்தால் என்னதான் கிடைக்கும்?

எகனமி டிக்கெட்டிலும் பிஸினஸ் வரிசையில் செக்-இன், லவுஞ்ச், மேலதிகப் பெட்டி. ஸ்டார் கோல்டுக்கு நிறைக் கணக்கில் 20 கிலோ கூட, எண்ணிக்கைக் கணக்கில் ஒரு பெட்டி கூட. மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் கட்டிக்கொண்டு போகிற எங்களுக்கு அந்த 20 கிலோதான் உண்மையான பரிசு. சிட்னியில் இறங்கும்போது உணவுப் பொருள் எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால் தண்டம் பெரிது.

இன்னொன்று: அமெரிக்கன் எயார்லைன்ஸின் சொந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் பொதுவாக அந்த அந்தஸ்தை மட்டும் வைத்து அமெரிக்க உள்நாட்டுப் பறப்பில் லவுஞ்சுக்குள் போக முடியாது, ஆனால் ஃப்ளைஸ்மைல்ஸ் கோல்ட் வைத்திருக்கும் நீங்கள் போகலாம். வெளிநாட்டுத் திட்டத்தில் இருப்பதன் நன்மை.

பெயர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

நிறைய. எங்கள் பெயர்கள் நீளம், அப்பா பெயர் முன்னாலும் சொந்தப் பெயர் பின்னாலும் வரும், சிலருக்கு மாறி வரும். உறுப்பினர் கணக்கில் முதலெழுத்து மட்டும் போட்டு, டிக்கெட்டில் முழுப் பெயர் இருந்தால் கணினி இரண்டையும் வேறு ஆள் என்று எடுத்து மைலைத் தராது. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடும்பப் பெயர் எது, மற்றப் பெயர்கள் எவை என்று அதில் அச்சிட்டபடியே எல்லா இடத்திலும் நிரப்புங்கள். போர்டிங் பாஸில் இடைவெளி இல்லாமல் ஒட்டி, கடைசி எழுத்துக்கள் வெட்டுப்பட்டு, முடிவில் மிஸ்டர் என்பதும் சேர்ந்து வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மைல் கணக்கில் ஏறாவிட்டால்?

போர்டிங் பாஸைப் படம் எடுத்து வைத்திருங்கள், கடைசி மைல் ஏறும் வரை அசலையும் எறிய வேண்டாம். திட்டத்தின் இணையத்தளத்தில் டிக்கெட் இலக்கத்தோடு பின்னர் கேட்கலாம், அதற்குக் கால எல்லை உண்டு என்பதால் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே பாருங்கள்.

அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. ஆனால் ஒரு தங்கலுக்குக் குறைந்தது ஐந்து நாள் கொடுங்கள், ஒரே நாளில் இரண்டு பறப்பு வேண்டாம். சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் எடுக்கும்போதே ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள், முதல் எயார்லைனிடம் சொன்னது அடுத்ததற்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். மைல் அவரவர் பெயரில்தான் சேரும், ஆகவே அவர்களுக்கும் கணக்குத் திறந்து கொடுங்கள். உங்களிடம் ஒன்வேர்ல்ட் சஃபயர் இருந்தால் லவுஞ்சுக்குள் ஒருவரைக் கூட்டிப் போகலாம். ஒருவரை மட்டும்தான் என்பதால், இரண்டு பேரும் வருகிறார்கள் என்றால் மற்றவருக்கு என்ன ஏற்பாடு என்பதைப் புறப்படுமுன்பே பார்த்து வையுங்கள்.